வெளுத்த நாற்பத்தேழு நாள்

உப்புக்கரை காலனியில் இருபத்தாறு வீட்டுக் கூரைகளில் நான் ஏறியிருக்கிறேன். எல்லாமே சிமெண்ட் ஷீட். ஆணி அடித்த வரிசையில் மட்டும்தான் கால் வைக்க வேண்டும். நடுவில் வைத்தால் கீழே யார் வீட்டுச் சோற்றுப் பானையிலாவது போய் விழுவோம். இடுப்பில் ஊறுகாய் பாட்டில், கையில் பழைய பெயிண்ட் பிரஷ். ஷீட்டின் பள்ளங்களில் இருபது வருடமாகச் சேர்ந்த தூசியைக் கூட்டி எடுத்து, சலித்து, அதில் பால்பல் தேடினேன்.

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குப் பல் விழுந்தால் கூரையில் எறியச் சொல்வார்கள். அப்போதுதான் அடுத்த பல் நேராக முளைக்குமாம். எனக்கு நேராக முளைக்கவில்லை, அது வேறு விஷயம்.

“இன்னாமே மோனிஷா, எம்.எஸ்சி. படிச்சிட்டு எங்கூட்டு மேல இன்னா பொறுக்கினு கீற?” என்று கீழே நின்று கேட்டாள் சரசக்கா.

“பல்லுக்கா. உங்க புள்ளைங்க பல்லு.”

“எங்க மாமியா செட்டுப் பல்லு காணாம போய் ஒரு வருசமாவுது. அதுவும் கெடக்குதா பாரு. பல்லு இல்லாமயே இவ்ளோ பேசுது.”

அன்று முப்பத்தொரு பல் கிடைத்தது. எல்லாவற்றையும் வீட்டு நம்பர் எழுதிய காகிதப் பொட்டலங்களில் மடித்தேன். எங்கள் வீட்டில் முதலில் டிகிரி வாங்கியவள் நான். காலனியில் யார் வீட்டுக்குச் சர்க்கார் கடிதம் வந்தாலும் என்னிடம்தான் கொண்டுவருவார்கள். வழக்கு எழுத ஆரம்பித்ததும் அப்படித்தான் என் தலையில் விழுந்தது.

வழக்கு இதுதான். காலனிக்குக் கிழக்கே, ஆற்றின் அந்தக் கரையில், பழைய பேட்டரியை உருக்கி ஈயம் எடுக்கும் உலை இருக்கிறது. முப்பது வருடமாகப் புகைக்கிறது. எங்கள் பிள்ளைகளுக்கு வலிப்பு வருகிறது, எழுத்து மறந்துபோகிறது, வயிறு பிடித்து இழுக்கிறது. என் தங்கை தர்ஷினி, நாங்கள் பாப்பு என்று கூப்பிட்டவள், ஏழு வயதில் வலிப்பில் போனாள். இதற்கெல்லாம் உலைதான் காரணம் என்று நிரூபித்தால், எலும்பிலிருந்து ஈயத்தை வடித்தெடுக்கும் புது மருந்தைக் காலனி முழுவதற்கும் கம்பெனி தன் செலவில் கொடுக்க வேண்டும். அதற்காக ஒரு விசாரணை ஆணையம் போட்டிருந்தார்கள்.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? ஈயம் சுவர் பெயிண்டில் இருக்கிறது, குங்குமத்தில் இருக்கிறது, பழைய பாத்திரத்தில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல், காலனிக்காரர்களே வீட்டில் உட்கார்ந்து திருட்டுத்தனமாகப் பேட்டரி உடைத்தார்கள். உலைமேல் தப்பில்லை, உங்கள் மேல்தான் என்று எங்கள் முகத்துக்கு நேரே எழுதிக் கொடுத்தார்கள்.

நான் வேலை பார்ப்பது, பல்லில் நாளுக்கொன்றாக விழும் கோடுகளைப் படிக்கும் நாள்வரி மையத்தில். பல்லைக் கொட்டைப்பாக்கு சீவுகிற மாதிரி மெல்லிசாகச் சீவி எந்திரத்தில் வைப்பது என் வேலை. எங்கள் தலைமை மருத்துவர் டாக்டர் ரெஹானா. ஆணையத்துக்கு அறிக்கை தரவேண்டியவரும் அவர்தான். பொட்டலங்களை அவர் மேசையில் கொட்டினேன். அவர் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

“ஏத்துக்க மாட்டாங்க மோனிஷா.”

“ஏன் மேடம்? எந்த வீட்டுக் கூரைன்னு எழுதியிருக்கேன்.”

“காத்துல உருளும், காக்கா தூக்கும். வெயில்லயும் மழையிலயும் கிடந்த பல்லுல யாரோடதுன்னு சொல்ற எதுவும் மிஞ்சியிருக்காது. போன வாரமே அவங்க வக்கீல் சொல்லிட்டாரு, எலிப் பல்லா இருந்தா என்ன பண்ணுவீங்கன்னு.”

நான் வக்கீலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது. டாக்டர் கேட்டும் கேட்காத மாதிரி இருந்தார்.

“இன்னொரு பிரச்சனை,” என்றார். “பல்லுல ஈயம் இருக்குன்னு காட்டினா மட்டும் போதாது. எங்கிருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. பல்லு வளரும்போது ஒரு நாளைக்கு ஒரு கோடு. அன்னைக்கு உடம்புக்குள்ள என்ன இருந்துச்சோ அது அந்தக் கோட்டுல மாட்டிக்கும், வெளிய வராது. பிறந்த அன்னைக்கு மட்டும் தடிச்ச கோடு. அதுலருந்து எண்ணினா ஒவ்வொரு கோட்டுக்கும் தேதி சொல்லலாம். எனக்கு வேண்டியது உலை நின்ன ஒரு காலம். உலை நின்ன நாள்ல கோடு வெளுத்து, திரும்ப எரிஞ்ச நாள்ல கறுத்தா, அப்புறம் எந்த வக்கீலும் பேச முடியாது.”

“நின்னுச்சு மேடம். ஸ்ட்ரைக்குல. எனக்கு ஆறு வயசு.”

“உலை ஒரு நாள்கூட அணைஞ்சதில்லைன்னு கம்பெனி பதிவேடு கொடுத்திருக்கு. வெளியாளை வெச்சு ஓட்டினோம்ங்கிறாங்க. தொழிலாளர் ஆபீஸ் கோப்பு வெள்ளத்துல போயிடுச்சு.” அவர் என் முகத்தைப் பார்த்தார். “அந்த சமயத்துல பிறந்த குழந்தையோட பல்லு, வீட்டை விட்டு வெளிய போகாத பல்லு ஒண்ணு வேணும். இருக்கா?”

இருந்தது. ஒன்றே ஒன்று. ஸ்ட்ரைக் தொடங்கும்போது பாப்பு பிறந்து பத்தொன்பது நாள்.

பாப்புவுக்கு முதல் பல் விழுந்தது ஆஸ்பத்திரிக் கட்டிலில். வீட்டுக்குப் போய்க் கூரையில் எறியலாம் என்று அம்மா முந்தானையில் முடிந்துவைத்தாள். பாப்பு வீட்டுக்கு வரவில்லை. பல் மட்டும் வந்தது. அம்மா அதைத் தன் குங்குமச் சிமிழில் போட்டு அரிசிப் பானைக்குள் புதைத்துவைத்தாள். பாப்புவுக்குப் போட்டோ கிடையாது. இருந்த ஒரே போனும் தண்ணீரில் விழுந்தது. அந்தப் பல்தான் பாப்பு.

அதைத்தான் நான் போய்க் கேட்டேன்.

“அறுக்கணுமா?” என்றாள் அம்மா. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

“பாதிதான்மா. மீதி பாதி திரும்பி வந்துரும்.”

“பாதி எம்பொண்ண வெச்சுக்கினு நான் இன்னா பண்றது?”

“காலனிக்கே வேணும்மா.”

“காலனி அவள தூக்கினு ஓடுச்சா? ஆட்டோ கேட்டப்ப எவன் வந்தான்? போடி.”

அப்பா வாசலில் உட்கார்ந்திருந்தார். அவர் பெயர் ஏகாம்பரம். காலனியில் ‘கையெழுத்து ஏகாம்பரம்’ என்றால்தான் தெரியும். உலைத் தொழிலாளர் சங்கத்துக்குச் செயலாளராக இருந்து ஸ்ட்ரைக்கைத் தொடங்கியவர் அவர். நாற்பத்தேழாவது நாள் கம்பெனிக்குள் தனியாகப் போய்க் கையெழுத்துப் போட்டு முடித்துவைத்தவரும் அவரே. ஏன் போட்டார் என்று யாருக்கும் சொன்னதில்லை. அதன்பின் பதினைந்து வருடம் அதே உலையில் கரி தள்ளினார். இப்போது டீ கிளாஸைப் பிடித்தால் கை ஆடும். நாங்கள் பேசியது எல்லாம் அவர் காதில் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்கவில்லை.

அந்த நாற்பத்தேழு நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. சொன்னால் நம்பமாட்டீர்கள், என் வாழ்க்கையில் நல்ல நாள் என்றால் அதுதான். வீட்டில் அடுப்பு எரியவில்லை. தண்ணீர் டேங்க் அடியில் கஞ்சித் தொட்டி வைத்திருந்தார்கள், மொத்தக் காலனிக்கும் அங்கேதான் சாப்பாடு. அப்பா பகலில் வீட்டுப் பக்கம் இருந்தார். என்னைத் தோளில் உட்காரவைத்துப் போராட்டக் கொட்டாய்க்குக் கூட்டிப் போனார். கொடியில் போட்ட வெள்ளைத் துணி வெள்ளையாகவே காய்ந்தது. அம்மா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

எங்கள் காலனியில் காலையில் எழுந்தால் வாய் இனிக்கும். பல் தேய்க்கும் முன்பே நாக்கில் ஒரு தித்திப்பு இருக்கும். உலகத்தில் எல்லோருக்கும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன். ஸ்ட்ரைக் தொடங்கிய நாலாம் நாள் அது நின்றது. “யம்மா, வாய் ஏன் இனிக்க மாட்டேங்குது?” என்று நான் அழுதேனாம். பசியில் அழுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாளாம்.

உலையைத் திரும்ப மூட்டிய அன்று வாய் இனித்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அதை நினைத்தால் இப்போதும் காறித் துப்பத் தோன்றுகிறது.

மறுநாள் அம்மாவிடம் அதுவரை மறைத்துவைத்திருந்ததைச் சொன்னேன்.

எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம். மாதத்துக்கு ஒரு தடவை அம்மா காலண்டரைப் பார்ப்பாள், என் வயிற்றைப் பார்ப்பாள், ஒன்றும் கேட்கமாட்டாள். என் வீட்டுக்காரர் மேல் பழி விழட்டும் என்று நானும் விட்டுவிட்டேன். அவர் பாவம், அதையும் தாங்கிக்கொண்டார்.

“யம்மா, நான்தான் வேணாம்னு தள்ளிப் போடறேன். எலும்புல ஈயம் கீது. பிள்ள உண்டானா எலும்பு கரைஞ்சு பிள்ளைக்கு எறங்கும். அதோட என் ஈயமும் எறங்கும். அந்த மருந்து எடுக்காம பெத்துக்காதன்னு டாக்டர் சொல்லிட்டாங்க. வெளிய வாங்கற மாதிரி மருந்து இல்ல அது. வழக்கு ஜெயிச்சாதான்.”

அம்மா கையில் இருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

“அப்ப பாப்புக்கு?”

“உன்கிட்டருந்து கொஞ்சம் எறங்கியிருக்கும்.”

இதை நான் சொல்லியிருக்கக் கூடாது. என் வாய் அப்படி. உண்மையைச் சொல்லிவிட்டுத்தான் யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்கும்.

அம்மா முறத்தைத் திரும்ப மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள்: “அந்த மிஷினு ஒவ்வொரு நாளும் காட்டுமா? ஒரு நாள்கூட வுடாதா?”

“வுடாது.”

அவள் எழுந்துபோய் அரிசிப் பானைக்குள் முழங்கைவரை கையை விட்டாள்.

விதிப்படி சொந்தக்காரர் பல்லைத் தொடக் கூடாது. டாக்டர் ரெஹானாவே சீவினார். நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றேன். அம்மாவும் வந்திருந்தாள். பட்டுப்புடவை கட்டியிருந்தாள். யார் வீட்டுக் கல்யாணத்துக்கோ வந்தவள் மாதிரி மடியில் பையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

சிமிழைத் திறந்ததும் டாக்டர் முகம் சுளித்தார். பல் முழுக்கக் குங்குமம்.

“அம்மா, இதுலயே ஈயம் இருக்கலாமே.”

“சாமி குங்குமம் டாக்டரம்மா. அவளுக்குத் துணைக்கு வெச்சேன்.”

“பரவால்ல. வெளிப்பக்கத்தைச் சுரண்டி எடுத்துட்டு உள்ள படிக்கலாம். உள்ளே எந்தக் குங்குமமும் போகாது.”

ரம்பம் ஓடியபோது ஒரு வாடை வந்தது, முடி கருகுகிற மாதிரி. தினமும் முகர்கிற வாடைதான். அன்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அம்மா அசையவில்லை. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். அந்த வாடையை உள்ளே வைத்துக்கொள்கிறாளோ என்று தோன்றியது.

திரையில் படம் வர இருபது நிமிடம் ஆனது. முதலில் சாம்பல் நிறம், அது அம்மாவின் வயிற்றில் இருந்த காலம். பிறகு தடித்த கோடு, பாப்பு பிறந்த நாள். அதிலிருந்து கறுப்புக் கோடுகள் நெருக்கமாக. டாக்டர் எண்ணிக்கொண்டே போனார். பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. அங்கிருந்து கோடுகள் ஒவ்வொன்றாக வெளுத்தன. பழைய வேட்டியை வெளுக்கப் போட்ட மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. அறுபத்தாறாம் நாளுக்கு அப்பால் திரும்பவும் கரி.

“நாற்பத்தேழு,” என்றார் டாக்டர். “மோனிஷா, உலை அணைஞ்சிருக்கு. இவ்வளவு சுத்தமா நான் பார்த்ததே இல்ல.”

நான் அந்த வெளுப்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன். கஞ்சித் தொட்டி அதற்குள் இருந்தது. அப்பாவின் தோள் இருந்தது. இனிக்காத வாய் இருந்தது. விரல் நகத்தின் அகலம்கூட இல்லை, அதற்குள் எல்லாம் இருந்தது. திரும்ப உள்ளே போய்விட முடியாதா என்றிருந்தது.

அப்புறம்தான் டாக்டர் படத்தைப் பெரிதாக்கினார். வெளுப்பின் நடுவில் மயிரிழை போல ஒரு கறுப்பு. உலை எரிந்த நாள்களின் அதே கறுப்பு.

“இது என்ன?” என்றார் அவர். “ஐம்பத்தொண்ணுலருந்து ஐம்பத்தாறு. ஆறு நாள். உலை இல்லாதப்ப இவ்வளவு எப்படி?”

அம்மா எழுந்து வந்தாள். திரைமேல் விரலை வைத்தாள். சரியாக அந்தக் கோட்டின் மேல்.

“இது நான்,” என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

“எனுக்குப் பால் வத்திப் போச்சு டாக்டரம்மா. கஞ்சி குடிச்சா எத்தினி பால் வரும்? அது ராவும் பகலும் வீல் வீல்னு கத்தும். ஏஜெண்டு ஒத்தன் வந்தான். ஒரு மூட்ட பேட்டரி தகடு தரேன், தட்டி அதுல ஒட்டின ஈய மாவ மட்டும் பிரிச்சுக் குடு, பால்பவுடர் டின்னு தரேன்னான். ஸ்ட்ரைக்குக்கு துரோகம்னு எனுக்குத் தெரியும். இவ ஸ்கூலுக்குப் போயிடுவா, இவங்க நைனா கொட்டாய்க்குப் போயிடுவாரு. பின்கட்டுல ஒக்காந்து சுத்தியால தட்டுவேன். பாப்பு மடியில கெடக்கும். தட்ற சத்தத்துல தூங்கிடும். ஆறு நாள். ஏழாவது நாள் பாத்தா மூட்டைய காணோம். ஏஜெண்டு எடுத்துனு போயிட்டான்னு நெனச்சேன்.”

எனக்குக் கோபம் வந்தது. கம்பெனி மேல் இல்லை. அம்மா மேல். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது? இருபத்திரண்டு வருடமாக நான் கம்பெனியைத் திட்டும்போதெல்லாம் இவள் கீரை ஆய்ந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

“முன்னாடியே சொல்றதுக்கு இன்னா?”

“சொன்னா நீ எங்கையால துன்னுவியா?”



அம்மாவை வெளியே உட்காரவைத்துவிட்டு டாக்டரிடம் வந்தேன். “மேடம், பெருசாக்காம படத்தை எடுத்தா அந்தக் கோடு தெரியாது.”

“தெரியாது.”

“நாற்பத்தேழு நாள் வெளுப்பு மட்டும் போதும். வீட்டுல பேட்டரி உடைச்சாங்கன்னுதானே அவங்க கத்தறாங்க? இதை நாமளே எடுத்துக் கொடுக்கணுமா? எந்த ஊர் நியாயம் இது? அவங்க பதிவேட்டையே மாத்தி எழுதியிருக்காங்க. நாம ஒரு கோட்டை வுட்டா தப்பா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்குக் கோபம் வந்தால் அதுதான் செய்வார், ஆனால் அன்று கோபமாகத் தெரியவில்லை.

“நானும் அதைத்தான் யோசிச்சேன், ஒரு நிமிஷம். மீதிப் பாதிப் பல்லைக் கேட்டு அவங்களும் படிக்க வெப்பாங்க. கோடு அதுலயும் இருக்கும். அப்ப நாம மறைச்சோம்னு ஆயிடும். வெளுத்த நாள் எல்லாமே பொய்யாயிடும்.”

கதவருகே அம்மா நின்றிருந்தாள். நாங்கள் பேசியது முழுக்கக் கேட்டிருக்கிறாள்.

“நானே வந்து சொல்றேன்,” என்றாள்.

“நைனாவும் இருப்பாரும்மா. அவருக்குத் தெரியுமா?”

“தெரியாது.” புடவைத் தலைப்பை இழுத்து மூடிக்கொண்டாள். “அன்னிக்கு தெரிஞ்சிட்டுப் போட்டும்.”

விசாரணை கலெக்டர் அலுவலகத்தின் மாடியில் நடந்தது. காலனியிலிருந்து இரண்டு வேனில் வந்திருந்தார்கள். அப்பா கடைசி வரிசையில், மற்றவர்களிடமிருந்து இரண்டு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார். அவர் எங்கே போனாலும் அந்த இரண்டு நாற்காலி காலியாகத்தான் இருக்கும்.

டாக்டர் படத்தைக் காட்டினார். ஒன்றையும் விடவில்லை. கம்பெனி வக்கீல் தங்கமான மனிதர் மாதிரி பேசுவார். அம்மாவை “வாங்கம்மா, நின்னா கால் வலிக்கும், உட்காருங்க” என்றார். பிறகு கேட்டார்.

“அந்த ஆறு நாள் உங்க வீட்டுல என்னம்மா நடந்துச்சு?”

அம்மா சொன்னாள். எங்களிடம் சொன்ன அதே வார்த்தைகள். பின்னால் சலசலப்பு எழுந்தது. யாரோ “த்தூ” என்றார்கள். சரசக்கா அந்த ஆளை அதட்டினாள். நான் திரும்பி அப்பாவைப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது.

“ஆக,” என்றார் வக்கீல் ஆணையத் தலைவரைப் பார்த்து, “இந்த அம்மாவே ஒத்துக்கிறாங்க. ஈயம் வீட்டுக்குள்ளருந்துதான் வந்திருக்கு.”

“ஆமா சார், ஆறு நாள்,” என்றாள் அம்மா. “நான் இன்னும் முடிக்கல.”

வக்கீல் நின்றார்.

“நான் படிக்காதவ. எம்பொண்ணு படிச்சவ, அவளுக்கே இது தோணல. நேத்து பாத்திரம் கழுவும்போது எனுக்குத் தோணுச்சு. வெள்ளத் துணில கறுப்பு நூல் வுழுந்தா கண்ணுக்குத் தெரியும். கறுப்புத் துணில வுழுந்தா தெரியுமா? அந்த ஆறு நாள் உங்க உலை எரிஞ்சிருந்தா எங்கோடு அதுல கலந்து போயிருக்கும். தனியா தெரியுதுன்னா, உங்க உலை அணைஞ்சு கெடந்திச்சு. அணையவே இல்லன்னு புத்தகம் எழுதிக் குடுத்திருக்கீங்க.”

ஆணையத் தலைவர் டாக்டர் பக்கம் பார்த்தார். டாக்டர் தலையசைத்தார்.

“அந்தக் கோடு என்னுது சார். ஒத்துக்கறேன். அதுக்கு இன்னா தண்டன உண்டோ குடுங்க. ஆனா அவ ஏழு வருசம் இருந்தா. அந்த ஆறு நாள் போக மிச்சம் யாருது? அதுக்கும் எவனாவது எழுந்து நின்னு என்னுதுன்னு சொல்லணும் இல்ல?”

யாரும் எழுந்து நிற்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தாள். நிஜமாகவே யாராவது நிற்பார்கள் என்று எதிர்பார்த்த மாதிரி. பிறகு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வெளியே வந்ததும் அப்பாவைத் தேடினேன். எதிர்ப் பக்கத்து டீக்கடையில் மூன்று டீ சொல்லிவிட்டு நின்றிருந்தார். அவர் கிளாஸ் ஆடியது. அம்மா எப்போதும்போல அதன் அடியில் கையைக் கொடுத்துப் பிடித்தாள்.

“ஏஜெண்டு வரல குமாரி,” என்றார் அப்பா அவளிடம்.

“இன்னா?”

“ஏழாவது நாள் ஏஜெண்டு வரல. மூட்டைய நான்தான் எடுத்துனு போய் ஆத்துல கவுத்தேன்.”

அம்மா நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

“உனுக்குத் தெரியுமா?”

“பாப்பு தலைய மோந்தேன். உலை வாடை அடிச்சுது. அணைஞ்ச உலை எங்கருந்து அடிக்கும்?”

“ஒரு வார்த்த கேக்கல.”

“இன்னான்னு கேக்கறது. புள்ளைக்குப் பாலு நான் குடுத்தனா?” டீயைக் குடிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். “பத்து நாள் பாத்தேன். கஞ்சித் தொட்டிக்கும் அரிசி வரது நின்னு போச்சு. நீ திரும்ப சுத்தியத் தூக்கிடுவன்னு தோணுச்சு. அதான் போய் போட்டுட்டு வந்தேன்.”

எதைப் போட்டார் என்று அவர் சொல்லவில்லை. கையெழுத்தைத்தான். இருபத்திரண்டு வருடம் அவரவர் குற்றத்தை அவரவர் மறைத்துக்கொண்டு ஒரே பாயில் படுத்திருக்கிறார்கள். ஆற்றில் கவிழ்த்த அந்த மூட்டை யார் பிள்ளையின் பல்லில் போய்க் கோடாக விழுந்ததோ, அதை நான் அப்போது கேட்கவில்லை. எனக்கும் சில இடத்தில் வாயை மூடத் தெரியும்.

மூன்று மாதம் கழித்துத் தீர்ப்பு வந்தது. நான்தான் வாசலில் நின்று சத்தமாகப் படித்தேன். மருந்து உண்டு, கம்பெனி செலவில். இனிமேல் பிள்ளை பெறப்போகும் பெண்களுக்கு முதலில். பதினெட்டு மாதம் எடுக்க வேண்டும், அதுவரை காலனியை விட்டு வேறு இடத்தில் தங்க வேண்டும். கம்பெனி மேல்முறையீட்டுக்குப் போயிருக்கிறது, அதையும் படித்தேன். கும்பலில் ஒருவர் அப்பாவைப் பார்த்து “ஏகாம்பரண்ணே” என்று கூப்பிட்டார். அப்பா தன்னைத்தான் என்று புரியாமல் நின்றார்.

டாக்டர் மீதிப் பாதிப் பல்லைத் திருப்பிக் கொடுத்தார். கூடவே வெளுத்த நாள்களின் படத்தையும் அச்செடுத்துத் தந்தார். அம்மா படத்தைச் சாமி பக்கத்தில் ஒட்டினாள். அவ்வப்போது போய் நின்று, “இங்க அவ சிரிக்கக் கத்துக்கினா... இங்க தல நிக்க ஆரம்பிச்சுது” என்று விரலால் தொட்டுச் சொல்லுவாள். சரியாகத்தான் சொல்கிறாளா என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணிப் பார்க்கவில்லை.

நான் வேறு ஊருக்குக் கிளம்பும் அன்று பாதிப் பல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அம்மா வாசலில் நின்றாள். கூரையை அண்ணாந்து பார்த்தாள். எறியப்போகிறாள் என்று நினைத்தேன். பாப்பு எறியாமல் போன பல். எறிந்தால் அது உருளும் சத்தம் ஷீட்டில் எப்படிக் கேட்கும் என்றுகூடக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

எறியவில்லை. பழைய சிமிழில் போட்டு என்னிடம் நீட்டினாள்.

“மேல்கோர்ட்டுல கேப்பாங்க இல்ல. உங்கிட்ட இருக்கட்டும்.”

வாங்கிப் பையில் வைத்தேன். அவள் இன்னும் கையை நீட்டிக்கொண்டிருந்தாள். அதில் இன்னொரு டப்பா, சின்னது, புதுசு. திறந்து பார்த்தேன். காலி.

“உம்புள்ளைக்குப் பல்லு வுழுந்தா கூரைல எறியாத. தேதி எழுதி இதுல போட்டு வெய்யி,” என்றாள். “எவர்சில்வரு. குங்குமம் வெச்சதில்ல.”